ஜிப்ஸியில ஸ்விஃப்ட் டீசல் எஞ்சின் ஏத்தலாமா?

போடியிலிருந்து ஒரு தம்பி நீளமா எழுதியிருக்கார், விஷயத்தை மட்டும் சுருக்கிப் போடுறேன்.

"அண்ணே, என்கிட்ட 2005 மாடல் ஜிப்ஸி கிங் பெட்ரோல் இருக்கு. பூப்பாறை பக்கம் ஏலத்தோட்டம், வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை போடிமெட்டு ஏறி இறங்கணும், மாசம் 800 கிலோமீட்டர் ஓடும். மைலேஜ் 8 தான் தருது, உர மூட்டை ஏத்திட்டா கொண்டை ஊசி வளைவுல செகண்ட் கியர்ல இழுக்கவே மாட்டேங்குது, ஃபர்ஸ்டுக்கு வந்துட வேண்டியிருக்கு. தேனியில ஒரு மெக்கானிக், ஆக்சிடென்ட் ஆன 2012 ஸ்விஃப்ட் டீசல் வண்டியோட எஞ்சின் இருக்கு, எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 80 ஆயிரத்துல ஏத்தித் தர்றேன், 18 மைலேஜ் கேரண்டின்னு சொல்றார். ஆர்சி பிரச்சனை வந்தா பழைய எஞ்சின் நம்பரையே புது எஞ்சின்ல பஞ்ச் பண்ணிக்கலாம்னும் சொல்றார். அடுத்த வாரம் 50 ஆயிரம் அட்வான்ஸ் கேக்குறார். குடுக்கலாமா? வண்டியை விக்க மனசு இல்ல. டயர் மட்டும் 235 போட்டிருக்கேன், பார்க்க நல்லா இருக்கும்னு."

தம்பி, அட்வான்ஸ் குடுக்காதீங்க. முதல்ல இதைச் சொல்லிட்டு அப்புறம் காரணத்துக்கு வர்றேன், ஏன்னா அடுத்த வாரம்னு வேற எழுதியிருக்கீங்க.

உங்க கடிதத்துல எல்லாத்தையும் விட முக்கியமான வரி கடைசி வரிதான், அதை நீங்க சும்மா போற போக்குல எழுதியிருக்கீங்க. 235ன்னா அனேகமா 235/75 ஆர் 15 ஆத்தான் இருக்கும். ஜிப்ஸிக்கு கம்பெனி குடுத்தது 205/70 ஆர் 15. கம்பெனி டயரோட மொத்த உயரம் கிட்டத்தட்ட 668 மில்லிமீட்டர், நீங்க போட்டிருக்கறது 733 பக்கம், அதாவது பத்து சதவீதம் பெருசு. டயர் பத்து சதவீதம் பெருசாச்சுன்னா எல்லா கியரும் பத்து சதவீதம் நீளமாயிடுச்சுன்னு அர்த்தம். உங்க செகண்ட் கியர் இப்ப கம்பெனி குடுத்த செகண்ட் கியர் இல்ல. அதுமேல டயரோட எடையும் கூடியிருக்கு, ஒவ்வொரு வளைவுலயும் அந்த எடையைச் சுத்த வச்சுத்தான் எஞ்சின் வெளிய வரணும். இன்னொரு கூத்து என்னன்னா ஸ்பீடோமீட்டரும் ஓடோமீட்டரும் பழைய டயர் கணக்குலதான் ஓடிட்டு இருக்கும், 100 கிலோமீட்டர் போனா மீட்டர்ல 91 தான் காட்டும், அதனால நீங்க 8னு சொல்ற மைலேஜே நிஜத்துல 9க்கு பக்கத்துல இருக்கு. வண்டி உங்களை ஏமாத்தல, டயர்தான் ஏமாத்துது.

இப்ப வளைவுல செகண்ட் இழுக்கல அப்படிங்கற விஷயத்துக்கு வருவோம், ஏன்னா டீசல் போட்டா இது சரியாயிடும்னு நினைச்சுத்தான் நீங்க இறங்குறீங்க. போடிமெட்டு 17 கொண்டை ஊசியில எதுல எடுத்தாலும் உள் பக்கம் திரும்பும்போது 15 கிலோமீட்டர் வேகம்தான் இருக்கும், லோடு வண்டி எதிர்ல வந்தா அதுவும் இல்ல. ஜிப்ஸியில செகண்ட் கியர் 1.947, டிரான்ஸ்ஃபர் கேஸ்ல (பவரை முன் பின் ஆக்ஸிலுக்குப் பிரிச்சு அனுப்புற பெட்டி) சாதாரண ரோட்டுக்கான ஹை ரேஞ்சுலயே 1.409, ஆக்ஸில்ல 3.909. மூணையும் பெருக்கி உங்க 235 டயர் சுத்தளவை வச்சுப் பார்த்தா 15 கிலோமீட்டர் வேகத்துல எஞ்சின் ஓடுறது 1160 ஆர்பிஎம் சுமாருக்கு, அதாவது நிமிஷத்துக்கு 1160 சுத்து. ஜிப்ஸியோட 1.3 பெட்ரோல் எஞ்சின், 103 நியூட்டன் மீட்டர் டார்க்கை, அதாவது சுத்துற இழுவையை, 4500 ஆர்பிஎம்ல குடுக்குற எஞ்சின், 1160ல அது தூங்கிட்டுத்தான் இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா ஸ்விஃப்ட்டோட டீசல் எஞ்சின், அதான் மல்டிஜெட், அது மட்டும் முழிச்சிட்டு இருக்குமா? அதுல 190 நியூட்டன் மீட்டர் இருக்குன்னு மெக்கானிக் சொல்லியிருப்பார், நிஜம்தான், ஆனா அது 2000 ஆர்பிஎம்ல. டர்போ காத்து தள்ள ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அது வெறும் 1248 சிசி டீசல், ஸ்விஃப்ட் டீசல் ஓட்டுனவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, 1800க்கு கீழ கால் வச்சா ஒரு செகண்ட் யோசிச்சிட்டுத்தான் கிளம்பும். அதே கியர், அதே டயர், அதே வளைவு, அதே 1160. லட்சக்கணக்குல செலவு பண்ணிட்டு மறுபடியும் ஃபர்ஸ்டுக்குத்தான் வருவீங்க தம்பி. ஃபர்ஸ்டுல வந்தா 2000க்கு மேல வந்துடும், அங்க மல்டிஜெட் பிச்சுக்கிட்டுப் போகும், அதுல சந்தேகம் இல்ல, ஆனா உங்க குறை அது இல்லையே.

சரி, மைலேஜ். பெட்ரோல் லிட்டர் 101, டீசல் 92 ரூபா 50 காசுன்னு கணக்குக்கு வச்சுக்குவோம், ஒரு ரூபா அப்படி இப்படி இருந்தாலும் கதை மாறாது. மெக்கானிக் கணக்குப்படி 8ல இருந்து 18 ஆச்சுன்னா மாசம் 6000 மிச்சம், 1 லட்சத்து 80 ஆயிரம் ரெண்டரை வருஷத்துல வந்துடும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 18 எங்கிருந்து வந்துச்சு? அது ஸ்விஃப்ட் ஊர் ரோட்டுல குடுக்குற மைலேஜ். ஸ்விஃப்ட்ல அஞ்சாவது கியர்ல 80 போனா எஞ்சின் 2000 பக்கம் சாவகாசமா ஓடும், ஜிப்ஸியில அந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் நடுவுல ஒரு ரிடக்‌ஷன் போடுதுல்ல, அதனால கம்பெனி டயர்ல 80 போகணும்னா அஞ்சாவதுலயே 2800 சுத்தணும். அதோட முகப்பு சுவர் மாதிரி நேரா நிக்குற வண்டி, காத்தை வெட்டாது, இடிச்சுக்கிட்டுத்தான் போகும். மலையில ஏறி இறங்குற ஜிப்ஸியில மல்டிஜெட் 14 குடுத்தா கையெடுத்துக் கும்பிடணும். 14னே வைங்க, உங்க நிஜ மைலேஜ் 9னு வைங்க, மாசம் மிச்சம் 3700. செலவு 1 லட்சத்து 80 ஆயிரத்துல நிக்காது, ஏன்னு கீழ சொல்றேன், உருப்படியா செஞ்சா மூணரை லட்சம் பக்கம் வந்துடும். போட்ட காசு வர எட்டு வருஷம். டயரை மாத்தி டியூனிங் பார்த்து பெட்ரோல்லயே 10 எடுத்துட்டீங்கன்னா மிச்சம் மாசம் 2800க்கு இறங்கிடும், அப்ப பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அந்த எஞ்சினே அதுவரைக்கும் ஓடணும்.

ஒரு காலத்துல இந்தக் கணக்கு வேற மாதிரி இருந்துச்சு. அம்பாசிடர்ல மேட்டடோர் வேனோட டீசல் எஞ்சின், பழைய மஹிந்திரா பெட்ரோல் ஜீப்புல ஹரிகேன்ங்கற பெட்ரோல் எஞ்சினைத் தூக்கிப் போட்டுட்டு டீசல் எஞ்சின், இதெல்லாம் கோயமுத்தூர்ல இருந்து கம்பம் வரைக்கும் ஊருக்கு ஊர் நடந்த வேலை. உங்க ஊர்ல இருந்து காலையில ஆள் ஏத்திட்டு கேரளா தோட்டத்துக்குப் போற ஜீப்புகளோட பரம்பரையைக் கேட்டுப் பாருங்க, பாதி இப்படித்தான் இருந்திருக்கும். அப்ப அது நியாயம், 2012 வாக்குல கூட லிட்டருக்கு இருபது ரூபாய்க்கு மேல வித்தியாசம் இருந்துச்சு, வண்டியும் தினம் 150 கிலோமீட்டர் ஓடுச்சு. 2014 அக்டோபர்ல டீசல் விலையில இருந்து கவர்மென்ட் கையை எடுத்ததுக்கப்புறம் அந்த இடைவெளி சுருங்கிப் போச்சு. பழைய ஆளுங்க சொல்ற லாபக் கணக்கை இன்னைக்கு மாசம் 800 ஓடுற வண்டிக்குப் போடக்கூடாது.

இப்ப வேலையைப் பத்தி. டீசல் ஏத்த முடியாதான்னா தாராளமா முடியும், சொல்லப்போனா ஜிப்ஸி இதுக்கு ரொம்ப வசதியான வண்டி. காரணம், மத்த ஃபோர் பை ஃபோர்ல கியர்பாக்ஸ் பின்னாடியே டிரான்ஸ்ஃபர் கேஸ் ஒட்டிக்கிட்டு இருக்கும், ஜிப்ஸியில அது தனியா சேஸிஸ்ல தொங்கும், நடுவுல ஒரு குட்டி ஷாஃப்ட். அதனால முன்னாடி எந்த எஞ்சின் எந்த கியர்பாக்ஸ் வந்தாலும் அந்த ஷாஃப்ட்டை நீட்டியோ வெட்டியோ சேர்த்துடலாம். வெளிநாட்டுல இதே வண்டியை சாமுராய்னு வித்தாங்க, அங்க ஃபோக்ஸ்வாகன் டீசல் ஏத்துறது ஒரு கலாச்சாரமே. ஸ்பெயின்ல சாந்தானா கம்பெனி பெஜோ குரூப்போட 1.9 டீசல் போட்டு சாமுராயை ஃபேக்டரியிலயே பண்ணி வித்துச்சு. ஆனா ஃபேக்டரி பண்றது வேற. அவங்க ஸ்பிரிங், ரேடியேட்டர், பிரேக்னு எல்லாத்தையும் அந்த எஞ்சினுக்குப் பார்த்து, டெஸ்ட் பண்ணி, சர்டிஃபிகேட் வாங்கி விப்பாங்க. தேனி பட்டறையில எஞ்சின் மட்டும் வரும்.

ஸ்விஃப்ட்ல எஞ்சின் குறுக்க உக்காந்திருக்கும், ஜிப்ஸியில நீளவாக்குல உக்காரணும். அதனால ஸ்விஃப்ட் கியர்பாக்ஸ் உபயோகப்படாது, ஜிப்ஸி கியர்பாக்ஸோட மல்டிஜெட்டைச் சேர்க்க நடுவுல ஒரு அடாப்டர் பிளேட் பண்ணணும். இங்கதான் நான் மெக்கானிக்கை எடை போடுவேன். அந்த பிளேட்டை அவர் எங்க கடையுறார், எப்படி சென்டர் பார்க்குறார்னு கேளுங்க. கிராங்க் ஷாஃப்ட்டோட சென்டரும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டோட சென்டரும் ஒரே கோட்டுல இருக்கணும், முடி அளவு விலகினாலும் உடனே தெரியாது, வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், ட்ரையல் பார்த்துட்டு சந்தோஷமா வீட்டுக்கு வந்துடுவீங்க. ரெண்டு மாசத்துல கிளட்ச் விடும்போது ஒரு நடுக்கம், அப்புறம் கிளட்சை மிதிச்சா மட்டும் ஒரு ஊளைச் சத்தம், அப்புறம் பைலட் பேரிங் பொடியாகி இன்புட் ஷாஃப்ட் ஸ்ப்லைன் தேய்ஞ்சு கையில வரும். முறையா பண்றவர் என்ன பண்ணுவார்னா, ஃப்ளைவீல்ல டயல் கேஜை காந்தத்தால நிறுத்தி, ஊசியை பெல் ஹவுசிங் ஓட்டையோட உள் விளிம்புல வச்சு, கிராங்க்கை கையால ஒரு முழுச் சுத்து மெதுவா சுத்துவார், ஊசி எவ்வளவு ஆடுதுன்னு பார்த்து டவல் பின்னை அட்ஜஸ்ட் பண்ணுவார், மறுபடி சுத்துவார். இதுக்கே அரை நாள் போகும். "அதெல்லாம் கண்ணால பார்த்தாலே தெரிஞ்சிடும்ணே"னு சொல்றவர்கிட்ட வண்டியை விடாதீங்க, அவர் எவ்வளவு நல்ல மனுஷனா இருந்தாலும் சரி.

அப்புறம் ஆயில் சேம்பர் முன் ஆக்ஸில்ல இடிக்கும், வெட்டி ஒட்டணும், உள்ள சக்‌ஷன் பைப்பையும் இடம் மாத்தணும், ஏத்தத்துல மூக்கைத் தூக்கும்போது ஆயில் பின்னாடி போய் பம்ப் காத்தைக் குடிச்சா டர்போ முதல்ல போகும். அலுமினியம் பிளாக் பெட்ரோல் எஞ்சினை எடுத்துட்டு வார்ப்பிரும்பு டீசலை வைக்கிறீங்க, முன் ஸ்பிரிங் பட்டை உக்காந்துடும், பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டின்னா கை வலி தனி. பெட்ரோல் டேங்க்கை அப்படியே வச்சுக்கலாம்னு சொல்லுவாங்க, இருபது வருஷ டேங்க்கோட உள் துரு ஒரு சிட்டிகை போதும், டீசலைப் பீச்சுற காமன் ரெயில் இன்ஜெக்டர் நாலும் காலி, அதோட விலையை நான் சொல்லி நீங்க பயப்பட வேணாம். வயரிங் இன்னொரு பெரிய கதை. மல்டிஜெட் தானா ஓடாது, ஸ்விஃப்ட்டோட ஈசியூ (எஞ்சினை ஓட்டுற கம்ப்யூட்டர்), சாவி, இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆக விடாத பூட்டு), ஆக்ஸிலரேட்டர் பெடல் சென்சார் எல்லாம் கூடவே வரணும், ஒண்ணு விட்டா ஸ்டார்ட்டே ஆகாது. ஓடை தாண்டி, மழையில நனைஞ்சு போற தோட்டத்து வண்டியில டேப் சுத்தின ஒட்டு வயரிங் எத்தனை மாசம் தாங்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க, பூப்பாறை தாண்டி உள்ள நின்னுபோச்சுன்னா ஸ்கேனர் எடுத்துட்டு யார் வருவா.

பிரேக் விஷயத்தை மட்டும் நிதானமா படிங்க. பெட்ரோல் எஞ்சின்ல த்ராட்டில் மூடியிருக்கும்போது இன்டேக்ல வேக்கம் உண்டாகும், அதைக் குழாய் போட்டு எடுத்துத்தான் பிரேக் மிதியை லேசாக்குற பூஸ்டர் வேலை செய்யுது. டீசல்ல அந்த வேக்கம் கிடையாது, அதுக்குன்னு தனி வேக்கம் பம்ப் ஓடணும். மல்டிஜெட்ல பம்ப் இருக்கு, ஆனா எஞ்சினைத் திருப்பி நீளவாக்குல வைக்கும்போது ஃபயர்வால்ல இடிக்குதுன்னு அதைக் கழட்டி வச்சுட்டு, ஆல்டர்னேட்டரோட சேர்ந்த வேற பழைய பம்ப்பைப் போட்டு, கிடைச்ச ஓஸை மாட்டி அனுப்புற பட்டறைகள் இருக்கு. சமவெளியில ஒண்ணும் தெரியாது. போடிமெட்டுல இருந்து முந்தல் இறங்குறீங்க, மூக்கு முன்னைவிடக் கனம், டீசல்ல ஆக்ஸிலரேட்டரை விட்டா பெட்ரோல் அளவுக்கு எஞ்சின் பிடிச்சு நிறுத்தாது, அதனால ஒவ்வொரு வளைவுக்கும் பிரேக்கை மிதிக்கிறீங்க, அப்ப அந்த ஓஸ் காத்து விட்டுச்சுன்னா மிதி கல்லாயிடும். மைலேஜ் கணக்கையெல்லாம் அங்க யாரும் போட மாட்டாங்க.

இன்னொண்ணு, பின்னாடி இருக்கற சாமான். டிரான்ஸ்ஃபர் கேஸை லோ ரேஞ்சுல வச்சு ஃபர்ஸ்ட் கியர் போட்டா ஜிப்ஸி எஞ்சினோட டார்க்கை 32 மடங்கா பெருக்கித்தான் ஆக்ஸிலுக்கு அனுப்புது. 103 நியூட்டன் மீட்டர் அங்க போகும்போது 3300 ஆகுது, அந்த ஆக்ஸில் ஷாஃப்ட், முன் வீல் ஜாயின்ட், கிரவுன் பினியன் எல்லாம் அதுக்குப் பார்த்து செஞ்சது. 190ஐ அனுப்புனா 6100க்கு மேல. சேத்துல ஒரு வீல் சுத்திக்கிட்டு இருந்து திடீர்னு பாறையில பிடிப்பு கிடைக்கும் பாருங்க, அந்த நொடியில ஏதோ ஒண்ணு விட்டுக்குடுக்கும். கம்மி பவர் டீசல் போடலாமே, பழைய ஜென் டீசல் எஸ்டீம் டீசல்ல வந்த பெஜோ 1.5 எஞ்சின், அதுல ஈசியூ தொல்லையே இல்ல, மெக்கானிக்கல் பம்ப்தான்னு அடுத்து யாராவது சொல்லுவாங்க. தோட்டத்துக்கு அது ஏத்த எஞ்சின்தான், எனக்கும் பிடிக்கும், ஆனா 57 குதிரை சக்தி, உங்ககிட்ட இப்ப இருக்கறது 80. உர மூட்டையோட மெட்டு ஏறும்போது பின்னாடி வர்ற பஸ்காரன் ஹாரன்ல இருந்து கையை எடுக்க மாட்டான்.

ஆர்சிக்கு வர்றேன். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, ஆர்சியில இருக்கற விவரமும் கம்பெனி குடுத்த விவரமும் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல 182ஏ பிரிவு, அனுமதி இல்லாம மாத்தின ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபா அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை ஜெயில், இல்லைன்னா ரெண்டும். சிஎன்ஜி, எல்பிஜி கிட்டுக்கு சட்டத்துல வழி இருக்கு, முறையான கிட்டைப் போட்டு ஆர்சியில ஏத்திக்கலாம். பெட்ரோல் வண்டியில ஆக்சிடென்ட் டீசல் எஞ்சினைப் போட்டுட்டு போய் "ஏத்திக் குடுங்க சார்"னா இன்னைக்கு எந்த பிரேக் இன்ஸ்பெக்டரும் கையெழுத்து போடமாட்டார். பழைய காலத்துல போட்டுக் குடுத்தாங்கன்னு மெக்கானிக் சொன்னா, அப்ப நீங்களே தேனி ஆர்டிஓவுல எழுத்துல அனுமதி வாங்கிக் குடுங்க, அப்புறம் வேலையை ஆரம்பிப்போம்னு சொல்லுங்க. வேலை முடிச்சுட்டு அனுமதி கேக்கக் கூடாது, அனுமதி வாங்கிட்டு வேலை பண்ணணும்.

அபராதத்தைக் கூட கட்டிடலாம், தினசரி தொல்லை வேற இடத்துல இருக்கு. புகை சர்டிஃபிகேட் இப்ப வாகன்ங்கற கவர்மென்ட் வண்டிப் பதிவு சர்வரோட இணைஞ்சிருக்கு, உங்க வண்டி நம்பரைப் போட்டதும் பெட்ரோல்னுதான் வரும், டீசலுக்கு எடுக்குற புகை டெஸ்ட் வேற, பெட்ரோலுக்கு வேற, எப்படி எடுப்பீங்க? 2005 வண்டின்னா 2020லயும் 2025லயும் ரெனியூவல் முடிஞ்சிருக்கும், அடுத்தது 2030, அப்ப எஞ்சின் நம்பரை நேர்ல பார்ப்பாங்க. நீங்க வாரத்துக்கு ரெண்டு தடவை கேரளா எல்லையைத் தாண்டுறவர், அங்க மோட்டார் வாகனத்துறை ஆல்டரேஷன் வண்டியில எவ்வளவு கறார்னு உங்களுக்கே தெரியும். இன்சூரன்ஸ் இன்னும் மோசம். வண்டி உருண்டுச்சுன்னா சர்வேயர் வந்து முதல்ல தேடுறதே சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும்தான், சொந்த டேமேஜ் க்ளெய்ம் அங்கயே முடிஞ்சுது. அடுத்தவங்களுக்கு அடிபட்டு கோர்ட்டுக்குப் போனா, கம்பெனி அவங்களுக்குக் கட்டிட்டு உங்ககிட்ட வசூல் பண்ணப் பார்க்கும், தோட்டத்து பத்திரம் வரைக்கும் இழுக்கும்.

எஞ்சின் நம்பரை பஞ்ச் பண்ணிக்கலாம்னு சொன்னாரே, அந்த ஒரு பேச்சுக்கே நான் அந்தப் பட்டறை வாசலை மிதிக்க மாட்டேன். இதுவரைக்கும் சொன்னதெல்லாம் அபராதம், நஷ்டம். நம்பரை அழிச்சு அடிக்கிறது கிரிமினல் கேஸ், திருட்டு வண்டிக்காரங்க பண்ற வேலை, மாட்டினா முதல்ல நிக்கறது நீங்கதான், மெக்கானிக் இல்ல. அதோட அந்த ஸ்விஃப்ட்டே எங்கிருந்து வந்துச்சுன்னு இப்ப எனக்கு சந்தேகம் வருது. நிஜமாவே இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் போட்டு ஏலத்துல வித்த வண்டின்னா அதுக்கு பேப்பர் இருக்கும், எஞ்சின் நம்பர் போட்ட பில் குடுக்க முடியும். பில் கேட்டதும் பேச்சு மாறுதான்னு பாருங்க, வேற ஒண்ணும் விசாரிக்கவே வேணாம்.

ரோட்டுக்கே வராம தோட்டத்துக்குள்ளயே கிடக்குற வண்டியா இருந்தா நான் இவ்வளவு பேச மாட்டேன், அந்த பெஜோ எஞ்சினையே தேடிப் பிடிச்சு ஏத்துங்கன்னு சொல்லிடுவேன், அந்த வேலையில ஒரு ருசியும் இருக்கு. உங்க வண்டி தேசிய நெடுஞ்சாலை 85ல போற வண்டி. டீசல்தான் வேணும்னு முடிவே பண்ணிட்டா, ஜிப்ஸி இன்னைக்கு என்ன விலை போகுதுன்னு ஒரு தடவை விசாரிங்க, 2019ல உற்பத்தி நின்னதுக்கப்புறம் நல்ல கண்டிஷன் ஜிப்ஸிக்கு ஆள் அலையுறாங்க. அதோட அந்த மூணரை லட்சத்தையும் சேர்த்தா பழைய தார் சிஆர்டிஇ ஃபோர் பை ஃபோருக்குக் கிட்ட வந்துடுவீங்க, 2.5 லிட்டர், 247 நியூட்டன் மீட்டர், பொறந்ததே டீசலா, ஆர்சியிலயும் டீசல்னே எழுதியிருக்கும். விக்க மனசில்லைன்னு எழுதியிருக்கீங்க, புரியுது, எனக்கும் ஜிப்ஸின்னா ஒரு கிறுக்குதான், ஆனா உள்ள வேற எஞ்சினைப் போட்டதுக்கப்புறம் அது நீங்க ஆசைப்பட்ட ஜிப்ஸியாவும் இருக்காது, விலையும் பாதிக்கு வந்துடும்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது இதுதான். தெரிஞ்சவங்க ஜிப்ஸியில இருந்து கம்பெனி சைஸ் டயரோட நாலு வீலை ஒரு நாள் கடன் வாங்குங்க, அதே உர மூட்டையோட மெட்டு ஏறிப் பாருங்க, செலவு ஒரு டீயும் பஞ்சர் கடைப் பையனுக்கு ஐம்பதோ நூறோதான். வித்தியாசம் தெரிஞ்சா 205ஐயே போட்டுடுங்க, கிரவுண்ட் கிளியரன்ஸ் கொஞ்சம் வேணும்னா 215/75க்கு மேல போகாதீங்க. அப்புறம் ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட், நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கான்னு பார்க்க, ஃபியூவல் பம்ப் பிரஷர், சைலன்சர்ல கேட்டலிடிக் கன்வர்ட்டர் அடைச்சிருக்கான்னு, மேடான இடத்துல கிளட்ச் வழுக்குதான்னு. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி நாலு வீலையும் கையால சுத்திப் பாருங்க, பழைய வண்டியில பிரேக் லேசா ஒட்டிக்கிட்டே ஓடுறது ரொம்ப சகஜம், மைலேஜ் அங்கயே ஒழுகும். முன் வீல்ல ஃப்ரீ வீலிங் ஹப் (முன் வீலை ஆக்ஸிலோட சேர்க்கவும் பிரிக்கவும் இருக்கற லாக்) இருந்தா தார் ரோட்டுல அதை லாக்லயே விட்டு வச்சிருக்கீங்களான்னும் பாருங்க. இதெல்லாம் சேர்ந்தாலும் மெக்கானிக் கேக்குற அட்வான்ஸ்ல பாதி கூட ஆகாது, புது டயர் செட் நீங்கலா.

கம்ப்ரஷன் ரீடிங் நாலையும், டயர் மாத்தினதுக்கு முன்னும் பின்னும் எந்த வளைவுல எந்த கியர்ல எடுத்தீங்கங்கறதையும் எழுதி அனுப்புங்க. எஞ்சின் நிஜமாவே தேய்ஞ்சு போயிருந்தா அதே பெட்ரோல் எஞ்சினுக்கு ரிங், வால்வு வேலை என்னென்ன பார்க்கணும், போடி தேனி பக்கம் போரிங் எப்படி பண்ணச் சொல்லணும்னு அப்புறம் சொல்றேன்.